லிசனர் எழாத ஞாயிறு

காவிரிப் பாலத்தில் நெரிசல் இல்லாத நாட்களில் எனக்குக் காலையிலேயே மனசு நன்றாக இருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூர் ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் பாலத்தில் ஒரு லாரி மக்கர் பண்ணி நின்றுவிட்டால் போதும், அன்றைய பொழுதே கெட்டுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பாலம் காலியாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். அன்று நான் கோபமாக இல்லை.

என் பெயர் ஹம்ஸா. புத்தூரில் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் தில்லைநகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினேன். அதனால் தெரியாதவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வரும்.

நோயாளிகளின் விவரம் எல்லாம் ஒரே ஒரு மெஷினில் இருக்கிறது. அதைத்தான் சர்வர் என்கிறோம். வார்டிலோ மருந்துக் கவுண்டரிலோ யாராவது ஒரு நோயாளியின் எண்ணை அடித்தால், அந்தக் கேள்வி சர்வருக்குப் போகும். அங்கே லிசனர் என்று ஒரு சின்ன புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு, டேட்டாபேஸோடு இணைத்து விடுவது அதன் வேலை. அது எழுந்திருக்கவில்லை என்றால் உள்ளே விவரம் அத்தனையும் பத்திரமாக இருக்கும். ஆனால் வெளியிலிருந்து ஒருவராலும் பார்க்க முடியாது. சர்வர் அறைக்குள்ளேயே, அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் லிசனர் தேவையில்லை. அவர் நேராக உள்ளே போய்விடலாம். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் பிரஹலாத். என் கணவர்.

அவர் காலத்தில் ஐ.டி. பிரிவுக்குத் தலைவர் இளவரசன். இன்றைக்கும் அவர்தான். சென்ற வாரம் வரை அவர்தான் என்று சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இளவரசன் எல்லா மெஷின்களுக்கும் புதுப் பெயர் வைக்கச் சொன்னார். சர்வரின் பெயரையும் மாற்றச் சொன்னார். பெயரை மாற்றினால் லிசனருக்கான ஃபைலிலும் மாற்ற வேண்டும், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் கொடுங்கள் என்று பிரஹலாத் கேட்டிருக்கிறார். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று இளவரசன் அவரே உட்கார்ந்து பெயரை மாற்றி மெஷினை அணைத்துப் போட்டிருக்கிறார். லிசனர் எழவில்லை. அரை நாள் ஆஸ்பத்திரி ஸ்தம்பித்துப் போயிற்று. யாருக்கும் உயிர் போகவில்லை. பில் போட முடியவில்லை, கூட்டம் கத்தியது, அவ்வளவுதான்.

சேர்மன் கூப்பிட்டு விசாரித்தபோது இளவரசன், "பிரஹலாத்தான் சார், என்கிட்ட கேக்காம மாத்திட்டார்" என்றார்.

அன்று சாயங்காலம் பிரஹலாத் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

"எல்லார் முன்னாடியும் என்னைக் கை காட்டிட்டார், ஹம்ஸா."

"நீங்க பதிலுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன். யார் கேக்கறா? அவர் குரல் பெரிசு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "விடுடி. அவருக்கு வேலை போயிடுமோன்னு பயம். பயத்துல மனுஷா என்ன வேணா சொல்லுவா" என்றார்.

பால் பொங்குவதற்குள் இறக்கி வைத்தேன்.

திருச்சி சின்ன ஊர். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆஸ்பத்திரி வேலை போன பிறகு பிரஹலாதுக்கு வேறு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் மணப்பாறையில் முறுக்கு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கப் போனார். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தார். சட்டையில் எண்ணெய் வாசனை வரும். அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு வந்தவுடனே குளிப்பார். ஒரு மழை நாளில் திண்டுக்கல் ரோட்டில் லாரிக்கு அடியில் போய்விட்டார். விபத்து என்று போலீஸ் எழுதியது. நானும் அப்படியே கையெழுத்துப் போட்டேன். ஆனால் வண்டி கிடந்தது ரோட்டின் வலது பக்கம். அவர் ஒரு நாளும் அந்தப் பக்கம் ஓட்டுகிறவர் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் இளவரசன் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தபடி பேசினார்.

"மேடம், பிரஹலாத் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நீங்க இந்த வேலைய நல்லா செய்வீங்கன்னு தெரியும். வரீங்களா?"

"வரேன் சார்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவருக்குக் குடிக்கத் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தேன்.

இரண்டு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. வடை வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவார். மகள் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோது முதலில் என் மேஜைக்குத்தான் ஸ்வீட் வந்தது. ஒரு நாள் தன்னுடைய பாஸ்வேர்டையும் சொன்னார். "அவசரத்துக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும் மேடம். உங்களைத் தவிர யார்கிட்டயும் இல்ல." அவர் என்னை நம்பினார். அதை நான் மறுக்கவில்லை.

நான் பழி வாங்குகிற ஆள் இல்லை. பிரஹலாத் நின்ற இடத்தில் இவரும் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அதே சேர்மன் அறை, அதே லிசனர், அதே கேள்வி. அது தப்பு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அளவில் கூடுதல் என்று சொல்ல முடியாது.

மெஷினின் பெயருக்கு எதிரே அதன் முகவரி எண் எழுதிய ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் ஒரு எண்ணை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கிற லிசனருக்கு ஒன்றும் ஆகாது. மெஷினை அணைத்துப் போடும்போதுதான் தெரியும். லிசனர் எழுந்து, இல்லாத ஒரு முகவரியைத் தேடிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வரை அணைத்துப் போடப் போவதாக இளவரசன் அறிவித்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் தாயார் சந்நிதியில் சேவித்துவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சர்வர் அறையில் இளவரசனின் பாஸ்வேர்டில் உள்ளே போய் அந்த எண்ணை மாற்றினேன். இரண்டு என்று இருந்ததை மூன்று ஆக்கினேன். பிறகு நானும் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும்தான் சர்வர் அறையில் இருந்தோம். மெஷின் அணைந்து எழுந்தது. டேட்டாபேஸ் எழுந்தது. லிசனர் எழவில்லை.

இளவரசன் மறுபடி தட்டினார். மறுபடியும் அதே பிழைச் செய்தி வந்தது.

"மேடம், என்ன இது? லிசனர் எழும்ப மாட்டேங்குதே."

"லாக் ஃபைல் பெருத்துப் போயிருக்குமோ, சார்? போன வருஷமே பெரிசா இருந்தது."

லிசனர் தன் நடவடிக்கையை எழுதி வைக்கிற அந்த ஃபைல் அளவுக்கு மேல் பெருத்தால் உண்மையிலேயே இந்தக் கோளாறு வரும். அதனால் அவர் நம்பினார். லாக் ஃபைலை ஒதுக்கி வைத்துவிட்டுத் திரும்பத் தட்டினார். எழவில்லை. லிசனர் கேட்கிற வழியை வேறு ஏதாவது புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று தேடினார். எதுவும் இல்லை. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். அந்த அறை ஏ.சி.யில் எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

"ஃபயர்வாலா இருக்கலாம், சார்" என்றேன். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற அந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளைப் போனில் பிடிக்க அவர் வராந்தாவுக்குப் போனார். உள்ளே சிக்னல் கிடைக்காது.

அங்கே நின்று அவர் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பேச்சுக்கு நடுவில் நெற்றியைத் தட்டிக்கொண்டார். முகவரி, முகவரி என்று அவர் உதடு அசைந்தது. அவர் கெட்டிக்காரர். உள்ளே வந்ததும் அந்த ஃபைலைத்தான் திறப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை. பில் கவுண்டரில் கூட்டம்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிரஹலாதின் உயிரைக் கொண்டுபோன அதே கோளாறு இவருக்கு ஒரு டீயோடு முடிந்துவிடும்.

அப்போதுதான் அறையில் இருந்த போன் அடித்தது. அவசரப் பிரிவிலிருந்து நர்ஸ் பிரான்சி.

"மேடம், ஸ்க்ரீன்ல எதுவும் வரல. இங்க ஒரு அம்மா, சந்திரம்மாள்னு பேரு, நினைவில்லாம வந்திருக்காங்க. கால்ல புண்ணு, காய்ச்சல், கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. நம்ம பழைய பேஷன்ட்தான், கார்டு இருக்கு. கூட்டிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியல. டாக்டர் ஊசி போடணும்ங்கறார். ஏதாவது ஒத்துக்காதுன்னு போட்டிருக்கான்னு நீங்க உள்ளருந்து பாத்துச் சொல்றீங்களா? அன்னிக்கு ஒருதரம் இப்படிப் பாத்துச் சொன்னீங்களே."

"நம்பர் சொல்லும்மா" என்றேன்.

அவள் சொன்னாள். நான் அடித்தேன். நான் உட்கார்ந்திருந்தது அந்த மெஷினுக்கு முன்னால் என்பதால் உடனே வந்தது. சந்திரம்மாள். வயது ஐம்பத்தெட்டு. காந்தி மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். சர்க்கரை வியாதி. அதற்குக் கீழே சிவப்பில், பென்சிலின் வகை ஊசி எதுவும் போடக் கூடாது, முன்பு போட்டு மூச்சு நின்று பிழைத்திருக்கிறார் என்று இருந்தது.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அவசரத்தில் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று நீங்கள் எனக்காக எழுதிவிடக் கூடாது, அதனால் சொல்கிறேன். வராந்தாவில் இளவரசன் போனைப் பையில் போட்டுக்கொண்டு கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. எதுவும் போடல. கொடுக்கலாம்" என்றேன்.

"தேங்க்ஸ் மேடம்" என்று பிரான்சி போனை வைத்தாள். நானும் வைத்துவிட்டு ஸ்க்ரீனை மூடினேன்.

இளவரசன் உள்ளே வந்தார். "போன்ல யாரு மேடம்?"

"எமர்ஜென்சி. ஸ்க்ரீன் எப்ப வரும்னு கேக்கறா."

அவர் நேராக அந்த ஃபைலைத் திறந்தார். மூன்றை இரண்டாக்கினார். லிசனர் எழுந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எழுந்துடுச்சு மேடம், எழுந்துடுச்சு" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார். கீழே அவசரப் பிரிவில் ஆட்கள் ஓடுகிற சத்தம் அதற்குச் சற்று நேரம் கழித்துத்தான் கேட்டது.

நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். சந்திரம்மாள் மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. நான் பார்த்ததுகூடக் கிடையாது. அவர் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

மத்தியானத்துக்குள் சந்திரம்மாள் இறந்துவிட்டார். போர்டிகோவில் அவருடைய மகள் நின்றிருந்தாள். யமுனா என்று பேர். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடையில் கட்டச் சொல்கிற சேலையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். என் கழுத்தில் ஐ.டி. கார்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். அழவில்லை. குழப்பமாக இருந்தாள்.

"மேடம், எங்கம்மாவுக்கு அந்த ஊசி ஒத்துக்காதுன்னு போன தடவையே கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்களே. என் கண்ணு முன்னாடிதான் ஏத்தினாங்க. அது எங்க போச்சு?"

"எங்கேயும் போகலம்மா. பத்திரமா இருக்கு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஆறுதல் சொன்னதாக எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

விசாரணை நடந்தது. அதே சேர்மன் அறை. என்னைத் தவிர எல்லோரும் பதற்றமாக இருந்தார்கள். நான் எதுவும் இல்லை என்று சொன்னதாகப் பிரான்சி அழுதுகொண்டே சொன்னாள். எப்போது ஸ்க்ரீன் வரும் என்றுதான் அவள் கேட்டாள், தெரியாது என்று சொன்னேன் என்றேன் நான். போனில் யார் என்று இளவரசன் அன்று கேட்டபோதும் அவரிடம் அப்படித்தானே சொல்லியிருந்தேன். அவர் அதை உறுதி செய்தார். பிரான்சி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். அவளை அன்றே அனுப்பிவிட்டார்கள். அஜாக்கிரதை என்று உங்கள் ஸ்டேஷனில் அவள் பெயரும் இருக்கிறது.

பிறகு அந்த எண்ணைப் பற்றிய பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இளவரசனின் பாஸ்வேர்டில் மாற்றப்பட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து வந்த ஆள் கண்டுபிடித்துச் சொன்னார். நான் இளவரசனின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பார்வைக்காகத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் வாயிலிருந்து என் பெயர் வரும், வரட்டும், இன்னொரு தடவை அடுத்தவரைக் கை காட்டுகிறார் என்று எல்லோரும் பார்க்கட்டும், பாஸ்வேர்டைக் கொடுத்தது யார் என்று அப்போது கேட்கலாம் என்று தயாராக இருந்தேன்.

"நான்தான் சார் மாத்தினேன்" என்றார் அவர். "கவனக்குறைவு. ஹம்ஸா மேடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அதோடு நிறுத்தவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் சொன்னார். பிரஹலாத் எச்சரித்தார், நான் கேட்கவில்லை, பழியை அவர்மேல் போட்டேன் என்று சேர்மனிடம் நின்றுகொண்டே சொன்னார்.

நான் கேட்டது இதைத்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அன்று வீட்டுக்குப் போகும்போது அப்படித்தான் நினைக்க முயற்சி செய்தேன்.

நேற்று அவர் தன் சாமான்களை எடுத்துப் போக வந்திருந்தார். வண்டி நிறுத்துகிற இடத்தில் என்னைப் பார்த்து நின்றார்.

"நீங்கதான் பண்ணீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. அந்த அம்மா செத்துப்போவாங்கன்னு நீங்க கனவுலகூட நெனச்சிருக்க மாட்டீங்க. என்னை மாட்டிவிடத்தான் பண்ணீங்க. அது நியாயம்தான்."

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"பிரஹலாதுக்கு நான் பண்ண பாவத்துக்கு இது சரியாப் போச்சு. கேஸு, ஜெயிலு, எது வந்தாலும் வரட்டும். மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் மேடம் ராத்திரி தூங்கறேன். நீங்களும் இனிமே நிம்மதியா இருங்க."

அவர் முகம் தெளிவாக இருந்தது. நெற்றியில் புதிதாகத் திருநீறு வைத்திருந்தார். செக்யூரிட்டி அவருக்கு எழுந்து நின்று சல்யூட் வைத்தார். கேன்டீனில் இரண்டு பேர், மனுஷன்னா இப்படி இருக்கணும் என்று பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன். பிரஹலாதைப் பற்றி ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. நான் செய்த காரியத்தை எடுத்து இவர் போர்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு கதகதப்பாக இருக்கிறார். அதை எப்படி விட முடியும்?

நான் இங்கே வந்தது பிரான்சிக்காக என்று நீங்கள் எண்ணினால் அது உங்கள் நல்ல மனசு. அவள் பெயரை அடித்துவிடுங்கள், அது சரிதான். யமுனாவிடமும் சொல்லலாம். ஆனால் முதலில் இளவரசனைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். எண்ணை மாற்றியது நான் என்பது அவருக்குத் தெரியும். சிவப்பில் எழுதியிருந்ததை நான் படித்தது அவருக்குத் தெரியாது. அவர் கதவைத் திறந்து வருவதைப் பார்த்துக்கொண்டே, தெரிந்தே, கொடுக்கலாம் என்று சொல்லி அந்த அம்மாவைக் கொன்றேன். அவர் தியாகம் பண்ணிக் காப்பாற்றியது ஒரு கொலையை. பிரான்சியின் பேச்சைப் பொய்யாக்கியது அவர் கொடுத்த சாட்சி. அவர் இனிமேல் தூங்குகிறாரா என்று பார்ப்போம்.

நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். என் சுயநினைவோடு, யாரும் வற்புறுத்தாமல் சொன்னேன். பிரஹலாதுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும், சார். இதைக் கேட்கும்போது இளவரசனின் முகம் எப்படி மாறியது என்று, ஒன்றும் விடாமல், எனக்கு வந்து சொல்லுங்கள்.